லீவு கேட்க ஒரு காரணம் வேணும்ல... 'வெல்னெஸ் டிரிப்'புக்கு நாம உண்மையில ஏன் போறோம்?

ராத்திரி பதினொன்றரை மணி. ஆபீஸ் லேப்டாப்பை மூடி பத்து நிமிஷம்கூட ஆகலை. கையில போன். ரீல்ஸ்ல ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். மரத் தொட்டிலுக்கு மேலே தொங்குற பாத்திரத்திலிருந்து நெற்றியில் சன்னமாக எண்ணெய் விழுகிறது. பின்னணியில் மழைச் சத்தம். அடுத்த காட்சியில் வாழை இலையில் சிவப்பரிசிக் கஞ்சி. கீழே, 'மூணு நாள், ரெண்டு ராத்திரி, ரீசெட்'. உங்க விரல் யோசிக்காமலே 'சேவ்' பட்டனை அமுக்கிடுது.

இப்போ ஒரு கேள்வி. அந்த ரீல் உங்களை இழுத்துச்சா, இல்ல அந்த லேப்டாப் உங்களைத் தள்ளுச்சா?

விளையாட்டுக் கேள்வி மாதிரி தெரியலாம். ஆனா, சுற்றுலா ஆராய்ச்சியாளர்கள் கிட்டத்தட்ட 50 வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. 1977-ல் கிரஹாம் டான் என்பவர் கரீபியன் தீவான பார்படோஸுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒருவர் ஏன் பயணம் போகிறார் என்பதற்குத் 'தள்ளும் காரணங்கள்', 'இழுக்கும் காரணங்கள்' என இரண்டு பக்கம் இருக்கிறது என்றார். கடல், வெயில், அருவி, மசாஜ், கஞ்சி இதெல்லாம் இழுக்கும் பக்கம். வீட்டில், ஆபீஸில், மனசுக்குள்ள இருக்கிற அலுப்பும் தனிமையும் 'நம்மளை யாருமே மதிக்க மாட்டேங்குறாங்க'ங்கிற நினைப்பும் தள்ளும் பக்கம்.

ரெண்டு வருஷம் கழித்து, 1979-ல் ஜான் கிராம்ப்டன் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் 39 பேரிடம் உட்கார்ந்து பேசினார். அவங்க சொன்னதிலிருந்து அவர் பிரித்தெடுத்த காரணங்களைப் பாருங்க. தினசரி வாழ்க்கையிலிருந்து தப்பிக்கிறது, தன்னைத் தானே கொஞ்சம் பார்த்துக்கிறது, ஓய்வு, கௌரவம், குழந்தை மாதிரி ஆகிவிடுவது, குடும்பத்தோடு நெருங்குவது, புது மனுஷங்களோடு பழகுவது. இவற்றோடு புதுமை, கல்வி என்று இன்னும் இரண்டு. முதல் ஏழுக்கும் குறிப்பிட்ட ஓர் ஊரோடு பெரிய சம்பந்தமே இல்லைங்கிறதுதான் சுவாரஸ்யம். தப்பிக்கிறதுக்கு வர்க்கலாவும் போகலாம், ஏற்காடும் போகலாம். ஊர் ஒரு சாக்குதான்!

ஆனா, யாராவது 'ஏன் அங்க போன?'னு கேட்டா நாம இழுக்கும் பக்கத்தை மட்டும்தான் சொல்றோம். 'வியூ செம்மயா இருந்துச்சு', 'ஃபுட் சூப்பர்'. 'மேனேஜர் குரலைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது, அதான் போனேன்'னு யாரும் கேப்ஷன் போடுறதில்லை.

ஓய்வுக்கு அனுமதிச் சீட்டு

வெல்னெஸ் டூரிஸத்தில் இந்த ஒளிவு மறைவு இன்னும் அதிகம். ஏன்னா, அந்தப் பெயரே ஒரு காரணத்தை ரெடிமேடா கையில கொடுத்துடுது.

நம்ம வீடுகளில் சும்மா இருப்பதற்கு அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் படுத்திருந்தா, 'உடம்புக்கு என்ன?'ங்கிற கேள்வி முதல்ல வரும். 'ஒண்ணுமில்ல, சும்மாதான்'னு சொன்னா, அடுத்து வர்ற பேச்சு வேற மாதிரி இருக்கும். ஓய்வு எடுக்கணும்னா காரணம் வேணும். அந்தக் காலத்தில் அது கோயிலாக இருந்தது, வேண்டுதலாக இருந்தது, பிரசவத்துக்கு அம்மா வீடாக இருந்தது. இப்போ அந்த இடத்துக்கு 'வெல்னெஸ்' வந்திருக்குன்னு எனக்குத் தோணுது.

யோசிச்சுப் பாருங்க. 'நாலு நாள் தனியா கோவா போறேன்'னு வீட்டில் சொல்ல முடியாத ஒரு பெண்ணால், 'நாலு நாள் யோகா கேம்ப்'னு சொல்ல முடியும். கேட் இருக்கும், டைம்டேபிள் இருக்கும், சைவச் சாப்பாடு இருக்கும். அப்பாவுக்கு நிம்மதி. 'டயர்டா இருக்கு, லீவு வேணும்'னு மெயில் போடத் தயங்குகிற பையன், 'முதுகு வலிக்கு ஆயுர்வேத ட்ரீட்மென்ட்'னு கூச்சமில்லாம போடுவான். ஏன், நமக்கு நாமே சொல்லிக்கிறதும் அதுதான். வெறுமனே படுத்துக் கிடக்க பணம் செலவு பண்ணா குற்ற உணர்ச்சி. 'ஹெல்த்துக்காக'ன்னா அது முதலீடு!

இதில் தப்பு எதுவும் இல்லை. ஓய்வுக்குக் காரணம் கேட்கிற சமூகத்தில் காரணம் சொல்லித்தான் ஆகணும். சிக்கல் எங்கே வருதுன்னா, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் சொன்ன காரணத்தை நாமளே நம்பி, அதை வெச்சே ஊரையும் பேக்கேஜையும் தேர்ந்தெடுக்கும்போதுதான். தேவை தூக்கம். புக் பண்ணினது பஞ்சகர்மா. அப்புறம் என்ன நடக்கும்?

பஞ்சகர்மான்னா பன்னீர் இல்ல!

கேரளாவையே எடுத்துக்குவோம். நம்ம பக்கத்து வீடு, ரயிலில் ஒரு ராத்திரி. நம்மில் பலருக்கு 'வெல்னெஸ்'னு சொன்னதும் ஞாபகம் வருகிற முதல் பேர்.

அங்கே இது எப்படி வந்தது என்பது நல்ல கதை. மலையாள ஆண்டின் கடைசி மாதம் கர்க்கடகம். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். ஏறக்குறைய நம்ம ஆடி. தென்மேற்குப் பருவமழை கொட்டும். வயல் வேலை இருக்காது. வீட்டில் அரிசிப் பானையும் காலியாகத் தொடங்கும். பஞ்ச மாதம் என்றே அதற்குப் பெயர் உண்டு. அந்த மாதத்தில்தான் மருந்துக் கஞ்சி குடிப்பதும், எண்ணெய் தேய்த்துக்கொள்வதும், வைத்தியசாலையில் தங்கி சிகிச்சை எடுப்பதும் வழக்கம். மழைக்காலக் குளிர்ச்சியில் உடம்பு மருந்தையும் எண்ணெயையும் நன்றாக ஏற்கும் என்பது ஆயுர்வேதம் சொல்லும் காரணம். இன்னொரு காரணம் கண்ணெதிரேயே இருக்கு. அந்த மாசம் செய்ய வேலை இல்லை. லீவு கேட்க வேண்டிய அவசியமே இல்லாம, மழையே லீவு கொடுத்துச்சு.

பி.எஸ்.வாரியர் 1902-ல் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்தியசாலையைத் தொடங்கியபோது, அங்கே போனவர்கள் நோயாளிகள். 1980-களுக்குப் பிறகு கோவளம் பக்கக் கடற்கரையில் ஆயுர்வேத ரிசார்ட்டுகள் வந்தன. அங்கே வந்தவர்கள் விருந்தினர்கள். ஜெர்மனியிலிருந்தெல்லாம் வந்து வாரக்கணக்கில் தங்கினார்கள். சுற்றுலாப் பயணிகள் குறைகிற மழை மாதங்களுக்கும் இதனால் ஒரு கிராக்கி பிறந்தது. வைத்தியம், விடுமுறை என்ற இரண்டு வேறு விஷயங்கள் ஒரே மெனு கார்டில் அச்சாகத் தொடங்கியது அப்படித்தான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது உங்க பர்ஸுக்கு நல்லது. உழிச்சில், நெற்றியில் விடும் தாரை, நவரை அரிசியைப் பாலில் வேகவைத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கும் நவரக்கிழி இதெல்லாம் சுகமானவை. ரீல்ஸில் வருவது இவைதான். பஞ்சகர்மா அப்படியில்லை. அது ஐந்து வகை சுத்திகரிப்பு. வாந்தி எடுக்க வைப்பதும், பேதிக்குக் கொடுப்பதும், எனிமாவும், மூக்கில் மருந்து விடுவதும் அதில் உண்டு. அதற்கு முன்னால் பல நாள்கள் காலையில் வெறும் வயிற்றில் மருந்து நெய் குடிக்கணும். அளவு தினமும் கூடிக்கிட்டே போகும். பகல் தூக்கம் கூடாது, வெயில் கூடாது, கண்டதைச் சாப்பிடக் கூடாது. முழுசா முடிக்க வாரங்கள் ஆகும். 'வீக்எண்ட் பஞ்சகர்மா'ன்னு யாராவது விளம்பரம் போட்டா, அவங்க கொடுக்கப்போறது மசாஜ். அதை மசாஜ்னே சொல்லி, மசாஜுக்கான காசை வாங்கிட்டுப் போகலாமே!

அசதியில் இருக்கிற ஒருத்தர் இந்தச் சிகிச்சையில் போய் உட்கார்ந்தால், மூணாவது நாள் நெய் வாடையில் அழுகை வரும். உண்மையிலேயே மூட்டு வலியோ நாள்பட்ட பிரச்னையோ உள்ளவர் வெறும் மசாஜ் பேக்கேஜை எடுத்தால், ஊர் திரும்பியதும் வலியும் திரும்பிடும். ரெண்டு பேருமே கடைசியில், 'ஆயுர்வேதம் சும்மா'ன்னு ரிவ்யூ போடுவாங்க. ரெண்டு பேருக்கும் பிரச்னை ஒண்ணுதான். எது தன்னைத் தள்ளுதுன்னு பார்க்கவே இல்லை.

ஒரே ஆசிரமம், நாலு பேர்

இதை விளக்க உலகத்திலேயே பிரபலமான ஓர் உதாரணம் இருக்கு. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் நாலு பேரும் ரிஷிகேஷுக்கு வந்தார்கள். மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் கற்க. 'யோகாவுக்கு ரிஷிகேஷ்' என்ற எண்ணத்தை மேற்கு நாடுகளின் தலையில் ஏற்றியதில் அந்தப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்களைத் தள்ளியது எது? அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் அவர்களின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் திடீரென இறந்துபோயிருந்தார். தலைக்குமேல் புகழ், எங்கே போனாலும் கூட்டம். ஆக, தள்ளும் காரணங்கள் நாலு பேருக்கும் பொதுவாக நிறைய இருந்தன. ஆனாலும் ரிங்கோ ஸ்டார் சுமார் பத்து நாளில் கிளம்பிவிட்டார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அவருடைய மனைவிக்குப் பூச்சிகளைக் கண்டால் ஆகவில்லை, குழந்தைகள் ஞாபகம் வேறு. பால் மெக்கார்ட்னி ஒரு மாதம்போல இருந்தார். ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரல் வரை தங்கினார்கள். இந்திய இசையிலும் தத்துவத்திலும் ஜார்ஜுக்கு ஏற்கெனவே ஆழமான ஈடுபாடு இருந்தது. ஜானுக்கு வேறு தேடல்.

அதே கங்கை, அதே குரு, அதே சாப்பாடுதான். ஒருவருக்கு பத்து நாள், ஒருவருக்கு இரண்டு மாதம். ரிங்கோ தோற்றுப்போனார் என்று இதைச் சொல்ல முடியாது. குழந்தைகள் ஞாபகம் வந்தவர், குழந்தைகளிடம் போனார். தனக்கு எது வேணும்னு ரொம்பச் சீக்கிரம் கண்டுபிடித்தவர் அவர்தானோ என்றுகூட எனக்குத் தோன்றும். உங்க ஃப்ரெண்டு கேங்கில் ஒருத்தருக்கு வாழ்க்கையே மாறின இடம், உங்களுக்கு போரடிக்கலாம். அதுக்காக நீங்க 'ஆன்மிகம் இல்லாத ஆள்' ஆகிட மாட்டீங்க.

ஊரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் பார்க்கணும். பாலித் தீவின் உபுட் நகரம் 'தன்னைத் தேடிப் போகிற' பெண்களின் ஊராக ஆனதற்கு எலிசபெத் கில்பர்ட் எழுதிய 'ஈட் பிரே லவ்' புத்தகமும், 2010-ல் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து வந்த படமும் முக்கியக் காரணம். விவாகரத்து ஆன ஒரு பெண்ணின் தவிப்பு, ஓர் ஊரின் விளம்பரமாக மாறிவிட்டது. இப்போ அந்த வேலையை ரீல்ஸ் பண்ணுது. அல்காரிதத்துக்கு உங்க வருத்தம் புரியாது. எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்னீங்கங்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

குற்றாலத்தில் எண்ணெய் யாருக்கு?

'வெல்னெஸ்' என்ற வார்த்தை வருவதற்கு முன்னாடி நாம என்ன பண்ணினோம்? வேன் பிடிச்சு குற்றாலம் போனோம்.

ஜூன் தொடங்கிவிட்டால் தென்காசி பக்கம் சாரல் அடிக்கும். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒவ்வொன்றிலும் தண்ணீர் விழ ஆரம்பிக்கும். அருவிக்கரையிலேயே எண்ணெய் தேய்த்துவிட அப்போது ஆள் இருந்தார்கள். உடம்பு முழுக்க எண்ணெயைத் தட்டித் தேய்த்துவிட்டு, அப்படியே போய் அருவிக்கு முதுகைக் கொடுத்தால், எந்த ஸ்பாவும் தர முடியாத அடி கிடைத்தது. கிராம்ப்டன் சொன்ன 'குழந்தை மாதிரி ஆகிவிடுவது' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நாற்பது வயசு பேங்க் மேனேஜர் இடுப்பில் துண்டோடு, தலையில் தண்ணீர் விழ 'ஓ'வென்று கத்திக்கொண்டு நிற்பார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனா, அந்த வேனில் இருந்த பெண்களை நினைச்சுப் பாருங்க. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் சுகம் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு, குளிக்கலாம், அவ்வளவுதான். முதல் நாள் ராத்திரி புளியோதரை கிளறியது யார்? ஈரத் துணிகளைப் பிழிந்து மூட்டை கட்டியது யார்? மாமியாருக்கு வழுக்காமல் கை பிடித்தது யார்? குடும்பத்துக்கு அது ஓய்வு. அம்மாவுக்கு வேலையின் இடம் மாறியது, அவ்வளவுதான்.

இன்று தனியாகவோ தோழிகளோடோ ரிட்ரீட் போகிற பெண்களைப் பார்த்து, 'இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு' என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்களை இழுப்பது மூலிகை எண்ணெயாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மூணு வேளையும் தட்டில் சாப்பாடு வருகிறது. 'நைட்டு என்ன டிஃபன்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகவே காசு கொடுக்கலாம்!

மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பதையும் இந்தக் கோணத்தில் பார்க்க எனக்கு ஆசை. விடியற்காலையில் குளியல், கறி, மது கிடையாது, பாயில் தூக்கம், ஒரு குழு, ஒரு குருசாமி, கடைசியில் ஒரு மலை. இதை வெல்னெஸ்னு சொன்னா மாலை போட்டவங்களுக்குக் கோபம் வரும். நியாயம்தான். பக்தி வேறு. ஆனா, 'அந்த ஒண்ணரை மாசம் மனுஷன் எவ்வளவு நல்லா இருக்கார்!'னு எத்தனை வீட்டில் சொல்றாங்க? கட்டுப்பாட்டை யாராவது நமக்காகப் போட்டுக் கொடுக்கணும்ங்கிறதும் நம்மளைத் தள்ளுகிற ஒரு காரணம்தான்.

போனைப் பிடுங்கி வெச்சுக்கோங்க, ப்ளீஸ்!

அந்தக் காரணத்தைத் தூய வடிவில் பார்க்க, விபாசனா மையங்களைப் பாருங்க. எஸ்.என்.கோயங்கா மரபில் நடக்கும் பத்து நாள் வகுப்புகள் இவை. மகாராஷ்டிராவின் இகத்புரி இதன் பெரிய மையம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒன்று இருக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். மதியச் சாப்பாடு 11 மணிக்கு. சாயங்காலம் புதியவர்களுக்குப் பழமும் டீயும், அவ்வளவுதான். பேசக் கூடாது, சைகை கூடாது, புத்தகம், பேனா கூடாது. போனை முதல் நாளே கொடுத்துடணும். கட்டணம் கிடையாது. ஏற்கெனவே வகுப்பை முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது.

அங்கே வியூ இல்லை, மசாஜ் இல்லை, ரீல் போட வழியே இல்லை. இழுக்கும் பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். இருந்தும் இளைஞர்கள் போறாங்கன்னா, அந்தப் பூஜ்யத்துக்காகத்தான். நம்ம தலைமுறைக்குப் போனை அணைத்து வைக்கிற அதிகாரம் நம்ம கையில் இல்லை. ஆபீஸ் குரூப், வீட்டு குரூப், இஎம்ஐ மெசேஜ். 'வாங்கி வெச்சுட்டாங்க, நான் என்ன பண்ண?'னு சொல்ல முடிவதுதான் அங்கே கிடைக்கிற பெரிய சலுகை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லணும். அந்த மையங்களின் விண்ணப்பத்திலேயே மனநலப் பிரச்னைகள் பற்றிக் கேட்பார்கள். தீவிரமான மனநலக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அதை மறைத்து, 'பத்து நாள் மௌனம் எல்லாத்தையும் சரி பண்ணிடும்'னு போகாதீங்க. பத்து நாள் தனிமை, ஏற்கெனவே உடைஞ்சு போயிருக்கிற மனசை இன்னும் உடைக்கவும் வாய்ப்பிருக்கு. உங்களைத் தள்ளுவது வெறும் அலுப்பு இல்லைன்னா, அதாவது வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே தோணலைன்னா, நீங்க போக வேண்டிய இடம் ரிசார்ட் இல்லை. மனநல மருத்துவர். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

திங்கள்கிழமை என்ன ஆகும்?

சரி, போனோம், வந்தோம். பலன் எத்தனை நாள் நிற்கும்?

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் கொஞ்சம் கசப்பான பதில் சொல்கிறது. டூர் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன்னாடிதான் மற்றவர்களைவிட சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'ரொம்பவே ரிலாக்ஸ்டா இருந்தேன்' என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி சில நாள் நீடித்தது. அதுவும் முதல் இரண்டு வாரம்தான்.

அதே நாட்டில் ஜெசிகா டி ப்ளூம் குழுவினர் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களைக் கவனித்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, விடுமுறையில் உடலும் மனமும் உச்சத்துக்குப் போவது எட்டாவது நாள் வாக்கில். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே எல்லாம் பழைய நிலைமைக்கு வந்துவிடுகிறது. ரெண்டு ராத்திரி பேக்கேஜில் 'முழு ரீசெட்' கிடைக்கும்னு நம்பறவங்க இந்த 'எட்டாவது நாள்' கணக்கை ஒரு தடவை பார்க்கலாம்.

இதுக்காக டிரிப்பே வேண்டாம்னு சொல்ல வரலை. என் கணக்கு வேற. பலன் எப்படியும் கரையப் போகுதுன்னா, வருஷத்துக்கு ஒரு தடவை கடன் வாங்கிப் பெரிய ரிட்ரீட் போறதைவிட, ரெண்டு மூணு தடவை சின்னதா, பக்கத்துலயே, முழு ஓய்வா போறது மேல். கிளம்புவதற்கு முன்னால் வர்ற அந்தச் சந்தோஷமும் ரெண்டு மூணு தடவை கிடைக்குமே!

இன்னொண்ணு. 'பர்ன் அவுட்' என்ற வார்த்தையை இப்போ எல்லோரும் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை எப்படி வரையறுத்தது தெரியுமா? வேலையிடத்தில் தொடர்ந்து இருக்கும், சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தால் வருவது. அதை ஒரு நோயாக அவர்கள் வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றே குறித்தார்கள். அப்படிப் பார்த்தால், பிரச்னை இருப்பது உங்க ஆபீஸில். தாரை விழுவது உங்க நெற்றியில். ராத்திரி பதினொண்ணு மணி கால், ஆள் குறைச்ச டீம், எடுக்க விடாத லீவு இதெல்லாம் நீங்க திரும்பி வரும்போது அப்படியே காத்திருக்கும். ஊழியர்களுக்கு யோகா நாள் கொண்டாடிவிட்டு, சனிக்கிழமையும் வரச் சொல்கிற கம்பெனிகள் இந்த வரையறையை ஒரு பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம்.

போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

அப்போ முதல்ல தள்ளுறது எதுன்னு ஒரு வரியில் போனில் நோட் போட்டுக்கோங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். 'தூங்கணும்'னா, நல்ல மெத்தையும் அமைதியான ரூமும் உள்ள எந்த ஊரும் போதும். வெல்னெஸ்ங்கிற வார்த்தைக்கு எக்ஸ்ட்ரா காசு தர வேண்டியதில்லை. 'தனியா இருக்கணும்'னா, எட்டு பேர் கேங்கோட போகாதீங்க. 'நாலு பேர் பார்க்கணும்'னாகூடப் பரவாயில்லை. கௌரவமும் அந்த ஏழில் ஒண்ணுதான். வியூ நல்லா இருக்கிற இடமாப் பார்த்துப் போங்க.

'வலி இருக்கு, வைத்தியம் வேணும்'னா, ரிசார்ட்டுக்கு முன்னாடி மருத்துவமனை. சென்னையிலேயே அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. மசாஜுக்கு சித்த மருத்துவத்தில் 'தொக்கணம்'னு பேர். ரீல்ஸில் வராததால் பலருக்கும் தெரியலை. ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரையை, எந்த ரிட்ரீட் சொன்னாலும், உங்க டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

கேரளா மையங்களுக்கு போன் பண்ணும்போது, சுற்றுலாத் துறையின் தரச் சான்று இருக்கான்னு கேளுங்க. அங்கே ஆயுர்வேத மையங்களுக்கு அப்படி ஒரு சான்று முறை நடைமுறையில் இருக்கு. முதல்ல பார்க்கிற டாக்டர் என்ன படிச்சவர், பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட்தானா, எண்ணெய், மருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் அந்த ரேட்டா, இடையில் கிளம்பினா பணம் திரும்புமான்னு கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கோங்க. டாக்டர் உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எந்தச் சிகிச்சைன்னு ரிசப்ஷனில் முடிவு பண்ணிச் சொல்றாங்கன்னா, அது பேக்கேஜ். வைத்தியம் இல்லை.

எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, 'அங்க வைஃபை ஸ்பீடு எப்படி?'னு உங்க வாயிலிருந்தே வருதா? அப்போ புக் பண்றதை விட்டுட்டு, மேனேஜருக்கு லீவு மெயிலை முதல்ல டைப் பண்ணுங்க.